எத்தனை? யாருடையது?

(தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான கோடை விடுமுறைப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, மூத்த ஆசிரியப் பெருமக்களே, இந்த ஆண்டுதான் பணியில் சேர்ந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பன்மைப் பெயரையும் உடைமைப் பெயரையும் குழந்தைகளுக்குப் பிரித்துக் காட்டுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த என் தங்கை, "இதுக்கு ஒரு மணி நேரமாக்கா? எஸ் போட்டா பன்மை, எஸ்ஸுக்கு மேல கொக்கி போட்டா உடைமை. முடிஞ்சுது" என்றாள். அவள் சொன்னது சரிதான். அந்த ஒற்றை வரியைத்தான் நானும் முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகளும் முப்பது வருடம் தப்பாகவே எழுதினார்கள். அந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு விளங்கவைத்தது ஒரு மூன்றாம் வகுப்புப் பெண். அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

தஞ்சைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 'என் வீடு' என்று ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். அவள் வீட்டில் இரண்டு மாடுகள். 'டூ கவ்ஸ்' என்று எழுதியிருந்தாள். கவ்வுக்கும் எஸ்ஸுக்கும் நடுவில், எழுத்தின் தலைமாட்டில், அழகாக ஒரு கொக்கி. சிவப்பு மையால் சுழித்தேன். அடுத்த வரியில் மாட்டின் வால். அங்கே கொக்கி வேண்டும், இருந்தது. மூன்றாவது வரியில் இரண்டு அண்ணன்கள், அங்கும் கொக்கி. நான்காவது வரியில் அம்மாவுக்குப் பால் பிடிக்கும் என்பதற்கு 'லைக்ஸ்' என்று வினைச்சொல் போட்டிருந்தாள். அதன் தலையிலும் கொக்கி.

கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்மா, எல்லா இடத்துலயும் போட்டு வெச்சிருக்கே?"

"எஸ் வந்தா மேல அது வரணும்ல டீச்சர்?"

கவனக்குறைவு என்று நான் நினைத்தது கவனக்குறைவே இல்லை. அவளிடம் ஒரு விதி இருந்தது. வல்லினம் மிகும் இடம் என்று தமிழ் வகுப்பில் சொல்கிறோம் அல்லவா, அதுபோல எஸ் வந்தால் கொக்கி மிகும். தப்பான விதிதான், ஆனால் ஓர் இடத்தில்கூட அவள் அதை மீறவில்லை. இப்படி ஒரு பிள்ளையைச் சிவப்பு மையால் திருத்த முடியாது. கையைத் தட்டினால் கொக்கி போகும், விதி உள்ளேயே இருக்கும்.

அப்போது எனக்கு வேறு வழி தெரியாமல் தமிழில் பேச்சுக் கொடுத்தேன்.

"உங்க வீட்ல எத்தனை மாடு?"

"ரெண்டு மாடு டீச்சர்."

"எது வாலு நீளம்?"

"செவலை மாட்டு வாலுதான்."

இந்த இரண்டு பதிலையும் இன்னொரு முறை காதில் வாங்குங்கள். எண்ணிக்கை கேட்டபோது 'ரெண்டு மாடு' என்றாள், 'மாடுகள்' என்று சொல்லவில்லை. எண் முன்னால் நின்றால் பேச்சுத் தமிழில் கள் தேவைப்படாது. நாலு இட்லி, பத்து ரூபாய், மூணு மாடு. யாரும் ஹோட்டலில் 'நாலு இட்லிகள்' கேட்பதில்லை. உரிமை என்று வந்ததும் மாடு 'மாட்டு' ஆகிவிட்டது. டகரம் இரட்டித்தது. வீடு வீட்டுக் கதவாகும், ஆறு ஆற்று மணலாகும், மரம் மரத்துக் கிளையாகும். மூன்று வயதுக் குழந்தைகூட 'மாடு வாலு' என்று சொல்லாது. அதற்கு யாரும் இலக்கணம் நடத்தவில்லை.

ஆக, எத்தனை என்பது வேறு, யாருடையது என்பது வேறு என்று அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். நான் அந்த வேறுபாட்டைப் புதிதாகக் கற்பிக்கத் தேவையே இல்லை. ஏற்கெனவே தெரிந்ததை ஆங்கிலத்தில் எங்கே பொருத்துவது என்று மட்டும் காட்டியிருக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரம் அதற்கான விளக்கம்.

ஆங்கிலத்தில் இது ஏன் தடுமாற்றமாகிறது? ஒரு பையனுடையது, பல பையன்கள், பல பையன்களுடையது. மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: பாய்ஸ், பாய்ஸ், பாய்ஸ். தமிழ் எழுத்தில் எழுதும்போது மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன, ஏனென்றால் தமிழ் காதுக்குக் கேட்பதை எழுதுகிறது. காதுக்கு மூன்றும் ஒன்று. வித்தியாசம் கண்ணுக்கு மட்டும். இங்கிலாந்தில் பிறந்த பிள்ளைக்கும் இதே கதிதான். பேசும்போது ஒருபோதும் கேட்காத ஒரு குறியை எழுதும்போது மட்டும் நினைவில் வைத்துக்கொள் என்று அதனிடம் சொல்கிறார்கள்.

பெரியவர்களுக்கும் அது நினைவில் நிற்பதில்லை. இங்கிலாந்தில் காய்கறிக் கடைப் பலகைகளில் 'ஆப்பிள்ஸ்' என்பதற்கு நடுவில் கொக்கி போட்டு எழுதுவது ரொம்பப் பிரசித்தம். நம் கொக்கியின் ஆங்கிலப் பெயர் அபாஸ்ட்ரபி. கடைக்காரர்களின் இந்த வழக்கத்துக்குக் 'காய்கறிக்கடைக்காரர் அபாஸ்ட்ரபி' என்று கேலிப் பெயரே உண்டு. 2001-இல் ஜான் ரிச்சர்ட்ஸ் என்னும் ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் அபாஸ்ட்ரபியைக் காப்பாற்ற ஒரு சங்கமே தொடங்கினார். 2019-இல், 96 வயதில், அக்கறையின்மையும் அறியாமையும் ஜெயித்துவிட்டன என்று சொல்லி அதை மூடுவதாக அறிவித்தார். அந்த நாட்டிலேயே அந்த நிலை என்றால், நம் ஊர்த் தையற்கடைப் பலகையில் 'லேடீஸ்' என்பதை நடுவில் வெட்டிக் கொக்கி மாட்டியிருப்பதைப் பார்த்து நாம் சிரிப்பதற்கில்லை.

அந்தக் குறியின் பூர்வீகமும் குழப்பமானதுதான். 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் முதல் வேலை, விட்டுப்போன எழுத்தின் இடத்தைக் காட்டுவது. 'டோன்ட்' என்பதில் ஓர் எழுத்து போனதற்கு அடையாளமாக நிற்கிறதே, அந்த வேலை. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்களுக்கு உடைமை காட்ட உயிரோடு சேர்ந்த 'எஸ்' விகுதி இருந்தது. உயிர் தேய்ந்து எஸ் மட்டும் மிஞ்சியது. பின்னாளில் அங்கே இந்தக் கொக்கி குடியேறியது. 18-ஆம் நூற்றாண்டில்கூட, உயிரெழுத்தில் முடியும் அயல்மொழிச் சொற்களின் பன்மைக்குக் கொக்கி போடுவது படித்தவர்கள் வழக்கமாகவே இருந்தது. என் மாணவி அந்தக் காலத்தில் எழுதியிருந்தால் சில இடங்களில் தப்பித்திருப்பாள்.

குழந்தைகள் இதைப் பேச்சில் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1958-இல் ஜீன் பெர்க்கோ என்னும் அமெரிக்கர் ஓர் ஆய்வை வெளியிட்டார். நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம், உலகத்தில் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி அதன் பெயர் 'வக்' என்றார். இன்னொன்றும் வந்து சேர்ந்தது, இப்போது இரண்டு இருக்கின்றன, இரண்டு என்ன என்று கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் 'வக்ஸ்' என்றார்கள். அந்தச் சொல்லை அவர்கள் அதற்கு முன் கேட்டிருக்கவே முடியாது. வேறொரு கற்பனைப் பிராணிக்குத் தொப்பி மாட்டிவிட்டு, தொப்பி யாருடையது என்றும் கேட்டார். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளைகளாக இல்லாமல், உள்ளே விதி வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் குழந்தைகள் என்பது தெரிந்தது.

1973-இல் ரோஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சை நெடுநாள் பின்தொடர்ந்து எழுதிய நூல் வந்தது. ஆங்கிலக் குழந்தை 14 இலக்கண உருபுகளை எந்த வரிசையில் பிடிக்கிறது என்று அதில் பட்டியல் உண்டு. பன்மை எஸ் நான்காவது இடத்தில் வருகிறது. உடைமை எஸ் ஆறாவது இடத்தில். நம் ஆறாம் வேற்றுமைக்கும் அந்த ஆறுக்கும் சம்பந்தமில்லை, நான் முடிச்சுப்போடவில்லை! கவனிக்க வேண்டியது இதுதான்: ஒலி ஒன்றாக இருந்தும் இரண்டும் ஒரே நேரத்தில் வருவதில்லை. குழந்தையின் மனத்தில் அவை தனித்தனிப் பொருள்கள். நம் பாடப் புத்தகம்தான் ஒரே பக்கத்தில், ஒரே கட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்து இரண்டையும் ஒட்டவைக்கிறது.

ஆங்கிலத்தைக் குறை சொன்னது போதும். நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரே ஒலிக்கு இரண்டு வேலை கொடுப்பதில் தமிழும் சளைத்ததில்லை. 'அம்மாவோட புடவை' என்கிறோம். 'அம்மாவோட கடைக்குப் போனேன்' என்கிறோம். முதல் ஓட, உடைய. இரண்டாவது ஓட, ஓடு அல்லது உடன். ஒன்று ஆறாம் வேற்றுமை, மற்றது மூன்றாம் வேற்றுமை. பேச்சில் இரண்டும் தேய்ந்து ஒரே ஒலியாகிவிட்டன. இப்போது இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம், பேச்சு வழக்கில் எழுதாதே, ஓட என்பதை உடைய என்று திருத்தி எழுது என்று சொல்லிவிடுகிறோம். அது திருத்தி எழுதுகிறது: 'நான் அம்மாவுடைய கடைக்குப் போனேன்.' அந்த அம்மாவுக்குக் கடையே கிடையாது! எஸ் வந்தால் கொக்கி என்ற பெண்ணும், ஓட வந்தால் உடைய என்ற இந்தப் பையனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். ஒலியைப் பார்த்துக் குறி போடுகிறார்கள், பொருளைப் பார்க்கவில்லை.

கள் விகுதியும் அப்படித்தான். தொடக்கத்தில் 'அவைத்தலைவர் அவர்களே' என்றேன். ஒருவரைத்தான் அழைத்தேன். தொல்காப்பியர் கள்ளை அஃறிணைப் பன்மைக்குச் சொன்னார். பிறகு அது மக்களுக்கும் வந்தது, அதற்குப் பிறகு மரியாதைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. 'டீச்சர் வந்தாங்க' என்றால் ஒருவரா, பலரா? பிள்ளைகளுக்குத் தெரியும், சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்வார்கள். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று நாம் வருடா வருடம் பொங்கலுக்குச் சண்டை போடுகிறோமே, அதற்குள் இப்போது நான் போகவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

உடைமையைப் பற்றி நம் இலக்கணக்காரர்கள் யோசித்திருப்பதை மட்டும் கொஞ்சம் சொல்ல ஆசை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் ஆறாம் வேற்றுமைக்கு மூன்று உருபுகள் தருகிறது: அது, ஆது, அ. முதல் இரண்டும் ஒருமைக்கு, மூன்றாவது பன்மைக்கு. எனது கை, எனாது கை. கை இரண்டானால் 'என கைகள்'. பொருள் எத்தனை என்பதை அந்த உடைமை உருபே சொல்லிவிடும். எத்தனை, யாருடையது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே உருபில் பதில். இன்று நாம் எல்லாரும் 'எனது கைகள்' என்றுதான் எழுதுகிறோம். பவணந்தியார் நம் நோட்டைத் திருத்தினால் அங்கே ஒரு சிவப்புச் சுழி விழும். 'எனது மகன்' என்று எழுதினால் இன்னொன்று விழும். அது என்பது அஃறிணை உடைமைக்கு உரியது, மகன் உயர்திணை. தொல்காப்பியர் வழியில் 'என் மகன்' என்பதை விரித்தால் 'எனக்கு மகன்' என்று நான்காம் வேற்றுமையின் குவ்வுருபு வரவேண்டும்.

அவர்கள் உடைமைக்கு வைத்த பெயர் கிழமை. கிழமை என்றால் உரிமை. அதில் இரண்டு வகை. யானையின் தந்தம், என் கை என்பவை பிரிக்க முடியாத உரிமை, அது தற்கிழமை. சாத்தனின் வீடு என்பது கைமாறக்கூடிய உரிமை, அது பிறிதின்கிழமை. திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை என்பவற்றில் இருப்பதும் இந்தக் கிழமைதான். அந்த நாள் அந்தக் கோளுக்கு உரியது. ஆங்கிலத்தில் ட்யூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே என்கிறார்களே, அவற்றின் நடுவில் இருக்கும் எஸ் என்ன? பழைய ஆங்கிலத்தின் உடைமை எஸ். டிவ் என்ற தெய்வத்தின் நாள், வோடனின் நாள், தோரின் நாள். நம் நாட்காட்டியிலும் அவர்கள் நாட்காட்டியிலும் உடைமை ஒளிந்துகொண்டிருக்கிறது, அவர்களுக்குக் கொக்கி இல்லாமலே.

சரி, வகுப்பறைக்கு வருவோம். நாளைக்குப் போய் என்ன செய்வது? நான் செய்து பலித்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள். பன்மையை முதலில் நடத்தி, அது கையில் படிந்த பிறகு, ஒரு மாதம் கழித்து உடைமைக்கு வாருங்கள். பன்மைக்குப் புளியங்கொட்டை போதும். ஒன்று வைத்தால் எஸ் இல்லை, இரண்டு வைத்தால் எஸ். கொக்கியின் பெயரையே அந்த மாதம் எடுக்காதீர்கள்.

இரண்டாவது, உடைமைக்கு வகுப்பு வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். குவித்துப் போடுங்கள். ஒரு செருப்பைத் தூக்கி, "இது யாரோட செருப்பு?" என்று கேளுங்கள். பிள்ளைகள் பெயரைச் சொல்வார்கள். பெயரைப் பலகையில் எழுதி, கொக்கி போட்டு, எஸ் போடுங்கள். இதில் ஒரு நன்மை உண்டு. செருப்பு எப்போதும் இரண்டு, ஆள் ஒன்று. 'ரெண்டு செருப்பு இருக்கே டீச்சர், கொக்கி எங்க போகும்?' என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இந்த விளையாட்டே. கொக்கி செருப்பைப் பார்க்காது, செருப்புக்காரரைப் பார்க்கும். பொருள் ஒன்றா, நூறா என்பது அதற்குக் கவலையில்லை.

மூன்றாவது, எழுதும்போது சந்தேகம் வந்தால் அந்த எஸ் சொல்லைத் தமிழில் சொல்லிப் பார்க்கப் பழக்குங்கள். 'மாட்டு' என்றோ 'மாட்டோட' என்றோ வருகிறதா? பின்னால் ஒரு பொருள் நிற்கிறதா? அப்படியானால் கொக்கி. வெறும் 'மாடு', 'மாடுங்க' என்றால் கொக்கி வேண்டாம். 'பிடிக்கும்' என்று வினை வந்தால் அந்தப் பக்கமே போகவேண்டாம். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா என்று கேட்பீர்கள். தராசு நம் வீட்டில் இருக்கும்போது அடுத்த வீட்டுப் பொருள் என்பதற்காகக் கையால் எடைபோட வேண்டுமா?

இந்தத் தராசு சரியாக நிறுக்காத இடங்களும் உண்டு, மறைக்கவில்லை. பத்து நாள் லீவு என்பதை ஆங்கிலத்தில் நாள்களுக்கு உரிய லீவாக்கிக் கொக்கி போடுகிறார்கள். தமிழில் அங்கே உடைய வராது. அது பெரிய வகுப்புக்கு ஆனது, விட்டுவிடுங்கள். அடுத்தது, எல்லாரும் தடுக்கிவிழும் 'இட்ஸ்'. அதனுடைய என்ற பொருளில் கொக்கி கிடையாது. அது இருக்கிறது என்பதன் சுருக்கமானால் கொக்கி உண்டு. இதற்கும் தமிழில் ஒரு பிடி இருக்கிறது. நான் என்பது 'என்' ஆகும், நீ 'உன்' ஆகும், அது 'அதன்' ஆகும். பதிலிப் பெயர்கள் உடைமைக்கென்று தனி உருவம் வைத்திருக்கின்றன. ஆங்கிலத்திலும் ஐ என்பது 'மை' ஆகிறது, ஹி என்பது 'ஹிஸ்' ஆகிறது. ஆயத்தமாக உடை உடுத்தி வந்தவர்களுக்குக் கொக்கி என்ற தோடு தேவையில்லை.

கடைசியாகப் பல பேருக்கு உரியது. இதைத்தான் நான் மிகக் கடினம் என்று நினைத்து ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளிவைத்திருந்தேன். அந்த மாட்டு வீட்டுப் பெண் தள்ளிவைக்க விடவில்லை. செருப்பு விளையாட்டு நடந்த இரண்டு மூன்று நாளில் நோட்டோடு வந்து நின்றாள்.

"டீச்சர், ரெண்டு மாட்டுக்கும் ஒரே கழனித் தொட்டிதான். அப்ப கொக்கி எங்க?"

நான் விதி எதுவும் சொல்லவில்லை. "தமிழ்ல நல்லா எழுதுற மாதிரி சொல்லு" என்றேன். யோசித்து, "மாடுகளுடைய தொட்டி" என்றாள். கள் முதலில், உடைய பிறகு. தமிழில் இந்த வரிசை மாறவே மாறாது. 'மாடுடையகள்' என்று உலகத்தில் எந்தக் குழந்தையும் சொன்னதில்லை. "அதே மாதிரிதான். யாரோடதுன்னு கேட்டா வர்ற பேரை முதல்ல முழுசா எழுதி முடி. முடிச்ச இடத்துல கொக்கி போடு. சொல்லும்போது எஸ் கேட்குது, ஆனா நீ எழுதினதுல எஸ் இல்லேன்னா மட்டும் ஒண்ணு சேர்த்துக்கோ" என்றேன்.

அவள் கவ் எழுதினாள், இரண்டு மாடாயிற்றே என்று எஸ் போட்டாள், முடிந்த இடத்தில் கொக்கியை மாட்டினாள். எஸ் ஏற்கெனவே இருந்ததால் இன்னொன்று சேர்க்கவில்லை. 'சில்ட்ரன்' என்பதைக் கொடுத்துப் பார்த்தேன். எழுதி முடித்தாள், கொக்கி போட்டாள், வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எஸ் சேர்த்தாள். எங்கள் பாடநூலில் மூன்று தனித்தனி விதிகளாக இருந்ததை மாடுகளும் கழனித் தொட்டியும் ஒரே விதியாக்கிவிட்டன. எத்தனை என்று முதலில் முடிவு செய், யாருடையது என்பதைப் பிறகு சொல். நம் தமிழ் வேற்றுமையின் வரிசையே அங்கும் பொருந்தியது.

எஸ் வந்தால் கொக்கி என்ற அவளுடைய பழைய விதி எப்போது போயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் அதைத் தாக்கவே இல்லை. அதைவிட நல்ல விதி ஒன்று கைக்கு வந்ததும் அவளாகவே அதைக் கீழே போட்டிருக்க வேண்டும்.

நேரமாகிவிட்டது. வெளியே வாசலில் நம் எல்லாருடைய செருப்பும் ஒன்றாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். சாப்பிடப் போகும்போது எத்தனை என்று எண்ணவேண்டாம், யாருடையது என்று மட்டும் பார்த்து மாட்டிக்கொண்டு போங்கள்.